துண்டுக்குள்ளே ஒரு விலை… கண்ணபுரம் சித்திரைச் சந்தையில் கிடாரி தேடிய கதை!

பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டதும் சேலம், நாமக்கல் பக்கத்து வீடுகளில் எழும் முதல் கேள்வி, "ஏற்காடு எப்போ போறோம்?" என்பதுதான். மே மாதக் கோடைவிழா, அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி, பூக்களால் செய்து நிறுத்திய உருவங்களுக்கு முன்னால் செல்ஃபி. அப்புறம், 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் முன்னால் போகிற வண்டியின் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கீழே இறங்குவது. வருஷா வருஷம் அந்த வரிசையில் நின்ற குடும்பம்தான் எங்களுடையதும்.

ஒரு சித்திரையில் மட்டும் திசை மாறியது. காரணம், என் தாய்மாமா.

"மலை மேல பூவு பார்த்தது போதும் கண்ணு. இந்தத் தடவ கண்ணபுரம் தேருக்கு வாங்க. பையனுக்கு மாடு காட்டலாம்" என்றார் போனில். பின்னாலிருந்து அத்தையின் குரல் கேட்டது. "மாடு காட்டப் போறாராமா! மாடு வாங்கப் போறேன்னு சொல்லச் சொல்லு!"

அத்தை சொன்னதுதான் உண்மை. மாமாவுக்கு மோகனூர்ப் பக்கம் கொஞ்சம் தோட்டம் இருக்கிறது. தொழுவத்தில் இரண்டு கலப்பினக் கறவை மாடுகள். காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் போகிறது, பணம் வருகிறது. இது போதாதென்று, காங்கேயம் கிடாரி ஒன்று வேண்டும் என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். அத்தையின் கேள்வியும் நியாயமானதுதான். "நாளைக்கு ரெண்டு மூணு லிட்டர் கறந்தாலே பெருசுங்கற மாட்டுக்கு எதுக்கு இத்தனை காசு? சாணி அள்றதும் தட்டு போடறதும் யாரு?" மாமாவிடம் இதற்குப் பதில் இல்லை. அதனால்தான் எங்களையும் துணைக்குக் கூப்பிடுகிறார் என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் எனக்குப் புரிந்தது.

கண்ணபுரம் திருப்பூர் மாவட்டத்தில், வெள்ளகோவிலுக்கும் காங்கேயத்துக்கும் இடையில் ஓலப்பாளையத்தை ஒட்டி இருக்கிற சின்ன ஊர். அங்கே மாரியம்மன் கோயிலுக்குச் சித்திரையில் தேர். தேர் ஓடுவதற்குச் சில நாள்கள் முன்பிருந்தே ஊரைச் சுற்றியுள்ள காடுகளில் மாடுகள் வந்து இறங்கிவிடும். கொங்குப் பக்கத்தில் இதை மாட்டுத்தாவணி என்பார்கள். வருஷத்துக்கு ஒரு முறை கூடுவது. வருகிற மாடுகளில் மிகப் பெரும்பாலானவை காங்கேயம் இனம்தான். ஈரோடு, கரூர், திண்டுக்கல், கோவை என்று நாலா பக்கமிருந்தும் வருகிறார்கள். காவிரிக்கு இந்தப் பக்கமிருக்கும் நாமக்கல்காரர்களுக்கும் இந்தத் தேர் சொந்தத் தேர் மாதிரிதான். மாமாவின் அப்பா, அதாவது என் அப்புச்சி, தன் கடைசி ஜோடி எருதை வாங்கியது கண்ணபுரத்தில்தான்.

காவிரியைத் தாண்டிக் கரூர். அங்கிருந்து கோவை ரோட்டில் பரமத்தி, தென்னிலை, வெள்ளகோவில். எங்கள் மாவட்டத்துப் பரமத்தி வேலூர் வேறு, இந்தக் கரூர் பரமத்தி வேறு. கோடைக்காலத்தில் டி.வி-யில் "100 டிகிரியைத் தாண்டிய ஊர்கள்" என்று பட்டியல் வாசிக்கும்போது தவறாமல் காதில் விழும் பெயர் இதுதான். அந்த வெயில் எப்படிப்பட்டது என்று தெரியவேண்டுமானால் சித்திரையில் கார் கண்ணாடியை இறக்கிப் பாருங்கள். ஏற்காட்டை விட்டுவிட்டு இங்கே வந்ததற்கு என் கணவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

வெள்ளகோவில் தாண்டியதும் ரோட்டின் இரண்டு பக்கமும் ஒரு மாதிரி நிலம் தொடங்குகிறது. பச்சை இல்லை, பாலைவனமும் இல்லை. காய்ந்த புல், அங்கங்கே குடை விரித்தாற்போல் வெள்வேல மரங்கள், ஒவ்வொரு காட்டைச் சுற்றியும் உயிருள்ள முள்வேலி. இதற்குக் கொறங்காடு என்று பெயர். வேலி, முள்கிளுவை. புல், கொழுக்கட்டைப் புல். மழை பெய்தால் துளிர்த்து, காய்ந்தாலும் நின்ற இடத்திலேயே வைக்கோல் மாதிரி மாட்டுக்குத் தீனியாகிவிடும். வெள்வேல மரத்தின் காயை ஆடு மாடுகள் பொறுக்கித் தின்னும். வேலி சரியாக இருந்தால் மேய்க்க ஆள் வேண்டாம். காலையில் உள்ளே விட்டுப் படலைச் சாத்தினால் சாயங்காலம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். காங்கேயம் மாட்டை எங்கே வேண்டுமானாலும் வாங்கிக் கட்டலாம். ஆனால், அதை உருவாக்கியது இந்தக் காய்ந்த காடும் இந்த வேலியும்தான் என்பது நேரில் பார்த்தால் புரிந்துவிடும்.

சந்தைக்கு நுழைவாயில் கிடையாது, டிக்கெட் கிடையாது. திடீரென்று ஒரு திருப்பத்தில் மாடுகள் ஆரம்பிக்கின்றன, அப்புறம் கண்ணுக்கெட்டிய வரை மாடுகள்தான். முளைக்குச்சி அடித்துக் கட்டிய காளைகள், ஜோடி ஜோடியாக எருதுகள், கன்றோடு நிற்கும் பசுக்கள். மேலே துணிப்பந்தல். பக்கத்தில் கயிற்றுக்கட்டில், மூன்று கல் வைத்த அடுப்பு. விற்க வந்தவர்கள் குடும்பத்தோடு அங்கேயே தங்கி, சமைத்து, மாட்டின் காலடியிலேயே தூங்குகிறார்கள். சோளத்தட்டு ஏற்றிய வண்டிகள் விலை கூவிக்கொண்டு நகர்கின்றன. ஓரமாக ஒரு தெரு முழுக்க மாட்டுக்கான கடைகள்: மூக்கணாங்கயிறு, தலைக்கயிறு, கழுத்து மணி, சலங்கை, கொம்புக்குக் குப்பி, சாட்டை. அதைத் தாண்டினால் மனிதர்களுக்கான கடைகள். கரும்புச்சாறு, மிளகாய் பஜ்ஜி, ராட்டினம்.

என் மகன் ஆறாம் வகுப்பு போகப் போகிறவன். போனைக் கையில் பிடித்தபடி அரை மணி நேரம் வீடியோ எடுத்துவிட்டு வந்து கேட்டான்.

"அம்மா, இதுல ஜட்ஜ் யாரும்மா? ஃபர்ஸ்ட் ப்ரைஸ் யார் குடுப்பாங்க?"

அவன் கேட்டது தப்பில்லை. ஏற்காட்டு நாய்க் கண்காட்சியைப் பார்த்தவன் அவன். உலகத்தில் மற்ற இடங்களிலும் அப்படித்தான். இங்கிலாந்தில் ஹாரோகேட் என்ற ஊரில் ஜூலை மாதம் நடக்கும் 'கிரேட் யார்க்‌ஷயர் ஷோ'வில் வெள்ளைக் கோட்டு போட்ட விவசாயிகள் மாட்டை வளையத்துக்குள் நடத்திக் காட்டுவார்கள். நடுவர் ஒவ்வொன்றையும் சுற்றி வந்து பார்ப்பார். ஜெயித்த மாட்டுக்குப் பூ மாதிரி மடித்த ரிப்பன். கண்ணபுரத்தில் அப்படி ஒரு நடுவர் கிடையாது. வாங்க வந்திருக்கும் ஒவ்வொருவரும் நடுவர்தான். ஒரே வித்தியாசம், இந்த நடுவர் தப்பாகத் தீர்ப்புச் சொன்னால் அவருடைய பணமே போய்விடும். அதனால் பார்வை கொஞ்சம் கூர்மையாகவே இருக்கிறது.

மாமா பார்த்த விதத்தைச் சொல்கிறேன். முதலில் மாட்டுக்கு அருகில் போகவே இல்லை. இருபது அடி தள்ளி நின்று, வேறு எதையோ பார்ப்பது போல் பார்த்தார். "நடத்திக் காட்டுங்க" என்றார். மாடு நடக்கும்போது முன்கால் குளம்பு விழுந்த இடத்தில் பின்கால் குளம்பு விழுகிறதா, இடுப்பு ஆடுகிறதா என்று பார்க்கிறார். அப்புறம் பக்கத்தில் போய்க் கழுத்தைத் தடவி, ஒரே அசைவில் வாயைப் பிளந்து பல் பார்த்தார்.

மாட்டுக்குப் பல்தான் பிறப்புச் சான்றிதழ். கீழ்த்தாடையின் முன்பக்கத்தில் மட்டும்தான் முன்பற்கள், எட்டு. மேலே முன்பல்லே கிடையாது. பால்பல் விழுந்து முதல் ஜோடி நிலைப்பல் முளைப்பது ஏறக்குறைய இரண்டு, இரண்டரை வயதில். அப்போது அது 'ரெண்டு பல்லு'. பிறகு வருஷத்துக்கு ஒரு ஜோடி என்கிற கணக்கில் நாலு பல்லு, ஆறு பல்லு. ஐந்து வயது வாக்கில் எட்டும் முளைத்துவிட்டால் 'கடை சேர்ந்தாச்சு' என்பார்கள். அதற்கு மேல் வயதைத் தேய்மானத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும். சந்தையில் யாரும் "வயசு என்ன?" என்று கேட்பதில்லை. "எத்தன பல்லுங்க?" தான்.

அடுத்தது சுழி. மாட்டின் உடம்பில் ரோமம் சுழித்திருக்கும் இடங்களுக்கு ஒவ்வொரு பெயர், ஒவ்வொரு பலன். கோபுரச்சுழி நல்லது, பாடைச்சுழி ஆகாது. முதுகில் மேல்நோக்கி ஏறினால் ஏறுபூரான், வாங்கியவன் ஏறுவான். கீழ்நோக்கி இறங்கினால் இறங்குபூரான், கிடைத்த விலைக்குக் கைமாற்றிவிடுவார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. நல்ல உழைப்பாளி மாடு ஒன்று, ரோமம் திரும்பிய திசைக்காக விலை குறைவதைப் பார்த்தால் கோபம்கூட வருகிறது. ஆனால், ஒன்றைக் கவனித்தேன். சுழி தேடுகிற சாக்கில் ஒரு மனிதர் மாட்டின் நெற்றியிலிருந்து வால் வரை ஓர் அங்குலம் விடாமல் கையால் தடவிப் பார்த்துவிடுகிறார். கட்டி, பழைய காயம், எலும்புத் தேய்மானம் எதுவும் அவர் கைக்குத் தப்பாது.

மகனுக்குப் பிடித்தது நிற விஷயம். காங்கேயம் கன்று பிறக்கும்போது செம்மண் நிறத்தில் இருக்கும். ஆறு மாதம் போல ஆனதும் அந்தச் செந்நிறம் மாறிச் சாம்பல் வெளுப்புக்கு வந்துவிடும். அதுதான் மயிலை. காளைக்கு வயது ஏற ஏறத் தலை, கழுத்து, திமில், தொடை எல்லாம் கறுத்துக்கொண்டே போகும். காயடித்து எருதாக்கினால் அந்தக் கறுப்பு வெளிறிவிடும். "அப்போ இந்த வெள்ளை மாடும் அந்தக் கறுப்பு மாடும் அண்ணன் தம்பியாக்கூட இருக்கலாமா?" என்று கேட்டான். இருக்கலாம். மயிலை தவிர செவலை, காரி, பில்லை என்றும் நிறங்கள் உண்டு. அவன் போனில் அன்றைக்கு ஏறிய படங்களுக்கு இந்தப் பெயர்களைத்தான் வைத்திருக்கிறான்.

மாமாவுக்குப் பிடித்த கிடாரி, மூன்றாவது வரிசையில் நின்றது. ரெண்டு பல்லு, மயிலை. கொம்பு இன்னும் முழுசாக வளையவில்லை. உரிமையாளர் தாராபுரம் பக்கத்துப் பெரியவர். விலை சொல்லவில்லை. "மொதல்ல பாருங்க மாப்ள, பேசிக்கலாம்" என்றார். தரகர் ஒருவர் எங்கிருந்தோ முளைத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்தார். மாமாவின் கையும் அவர் கையும் துண்டுக்குள்ளே போயின.

இதைச் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். துண்டுக்குள்ளே ஒருவர் விரலை இன்னொருவர் பிடிக்கிறார். ஒரு விரல் பிடித்தால் ஒன்று, இரண்டு பிடித்தால் இரண்டு, ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. ஆயிரமா, பத்தாயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே இருவருக்கும் தெரியும். வாயில் ஒரு தொகையும் வராது. "ம்ஹும்", "இருக்கட்டுங்க", "இன்னொருக்கா பாருங்க" என்று மட்டும்தான் வெளியே கேட்கும். முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது. மாமாவின் காது மட்டும் சிவந்துகொண்டே போனது.

ஏன் மறைக்கிறார்கள் என்று எனக்கு ரொம்ப நாள் சந்தேகம். அங்கே நின்று பார்த்தபோது ஓரளவு விளங்கியது. பேரம் படியாமல் போனால், அடுத்து வருகிறவருக்கு முந்தைய விலை தெரியாது. அதனால் விற்பவர் நஷ்டப்படுவதில்லை. கையில் காசு குறைவாக இருப்பவர் குறைத்துக் கேட்டாலும் நாலு பேருக்கு முன்னால் அவமானப்படுவதில்லை. ஆன்லைனில் எல்லா விலையையும் ஒப்பிட்டுப் பார்த்தே வாங்கிப் பழகிய நமக்கு இது மோசடி மாதிரித் தோன்றலாம். தரகர் இரண்டு பக்கமும் விளையாடுவதற்கு இந்தத் துண்டு வசதியானது என்பதும் உண்மைதான்.

முதல் சுற்றில் படியவில்லை. மாமா துண்டிலிருந்து கையை உருவிக்கொண்டு, "டீ குடிச்சிட்டு வரலாம் வாங்க" என்று நடந்தார். அது பேரத்தின் ஒரு பகுதி என்று என் கணவருக்குத் தெரியாமல், "அவ்ளோதானா? கெளம்பலாமா?" என்று ஆசையாகக் கேட்டார்.

டீக்கடை பெஞ்சில்தான் மாமா அப்புச்சியின் எருதுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அந்த ஜோடி முதலில் இழந்தது உழவு வேலையை அல்ல, தண்ணீர் இறைக்கும் வேலையை. கிணற்று மேட்டில் கவலை பூட்டி, இரண்டு எருதுகளும் சரிவில் இறங்க, தோல் பறியில் தண்ணீர் மேலே ஏறி வாய்க்காலில் கொட்டும். கொங்குச் சீமையின் தோட்டங்கள் பூராவும் அப்படி இறைத்து விளைந்தவைதான். 1932-ல் பைக்காரா நீர்மின் நிலையம் மின்சாரம் தர ஆரம்பித்தது, 1937-ல் மேட்டூரும் சேர்ந்துகொண்டது. கோவைப் பக்கத்தில் தொடங்கிய மின்மோட்டார், மெல்ல மெல்ல ஒவ்வொரு கிணறாக எருதை அவிழ்த்துவிட்டது.

அதற்கப்புறம் நடந்ததில் எங்கள் ஊர்களுக்கே பெரிய பங்கு உண்டு. கிணறு வற்றியபோது பூமியைத் துளைக்க வந்த ரிக் வண்டிகள் திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பியவை. இன்றைக்கு இந்தியா முழுக்க எந்த மாநிலத்தில் போர் போட்டாலும் அந்த வண்டியில் திருச்செங்கோடு என்று எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். மாட்டு வண்டி சுமந்த பாரத்தை லாரி எடுத்துக்கொண்டது. லாரிக்குப் பாடி கட்டுவதில் பேர் வாங்கிய ஊர் நாமக்கல். மிச்சமிருந்த உழவை டிராக்டர் பார்த்துக்கொண்டது. எருது வேலையிழந்த கதையைச் சோகமாகச் சொல்லும்போது, அந்த வேலையைப் பறித்தவர்களில் நாமும் இருக்கிறோம், அதில் சம்பாதித்துத்தான் நம் பிள்ளைகளைப் படிக்க வைத்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. என் அப்பா ஓட்டியதும் லாரிதான்.

பாலுக்காக வந்தது கலப்பினம். ஜெர்சியும் ஃபிரீஷியனும் கலந்த மாடுகள் பத்து லிட்டருக்கு மேல் கறக்கும்போது, காங்கேயத்தின் இரண்டு லிட்டரை யார் வைத்துக்கொண்டிருப்பார்கள்? நாடு முழுக்க இதே கதைதான். 2019-ம் வருஷத்துக் கால்நடைக் கணக்கெடுப்பில், அதற்கு முந்தைய கணக்கெடுப்பைவிட வெளிநாட்டு, கலப்பின மாடுகள் 26.9 சதவிகிதம் கூடியிருந்தன. நாட்டு மாடுகள் 6 சதவிகிதம் குறைந்திருந்தன.

இதற்கு நடுவிலும் இந்த இனம் காணாமல் போகவில்லை என்றால் அதற்குச் சிலர் காரணம். பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார், நல்ல காளைகளைத் தேர்ந்தெடுத்துத் தன் பண்ணையில் பெருக்கி இந்த இனத்தைச் செம்மைப்படுத்தியவர் என்று கால்நடை நூல்கள் அவருக்குத் தனி இடம் தருகின்றன. அந்தப் பழையகோட்டையில் இன்றும் ஞாயிற்றுக்கிழமைதோறும் காங்கேயம் மாடுகளுக்கென்றே சந்தை கூடுகிறது. காங்கேயத்தை அடுத்த குட்டப்பாளையத்தில், சேனாபதி காங்கேயம் கால்நடை ஆராய்ச்சி மையம் இந்த இனத்துக்காகவே இயங்குகிறது. அரசுத் தரப்பில் ஓசூர் கால்நடைப் பண்ணை, 1824-லேயே தொடங்கியது. ஓசூர் அப்போது எங்கள் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. 1965-ல் தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிந்த பிறகுதான் கைவிட்டுப் போனது.

இன்னொரு விஷயம், இதைக் கேட்டால் கொஞ்சம் வயிறு எரியும். கண்ணபுரத்தில் மாடுகள் கூடுகிற அதே ஏப்ரல் கடைசி, மே முதல் வாரத்தில், பூமியின் மறுபக்கம் பிரேசிலின் உபெராபா நகரத்தில் 'எக்ஸ்போசீபு' என்ற பிரமாண்டமான மாட்டுக் கண்காட்சி நடக்கிறது. அங்கே வளையத்துக்குள் திமிலோடு நடந்து வருகிற மாடுகள் எல்லாம் இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போனவற்றின் வாரிசுகள். குஜராத்தின் கிர் மாடு அங்கே பால் மாடு. ஆந்திராவின் ஓங்கோல் அங்கே 'நெல்லூர்' என்ற பெயரில் நாட்டின் முக்கிய இறைச்சி மாடு. வியாட்டினா-19 என்கிற அந்த இனத்துப் பசு ஒன்றின் மூன்றில் ஒரு பங்கு உரிமை 2023-ல் ஏலம் போனபோது, முழு மாட்டின் மதிப்பு 43 லட்சம் டாலர் என்று கின்னஸ் பதிவு செய்தது. என் மகன் அதை ரூபாயில் கணக்குப் போட்டு, "முப்பத்தஞ்சு கோடிம்மா!" என்று கத்தியதில் பக்கத்திலிருந்த காளை ஒன்று திரும்பிப் பார்த்தது. நம்மிடமிருந்து போன மாட்டை அவர்கள் வம்சாவளி எழுதி, எடை போட்டு, ஒவ்வொரு தலைமுறையிலும் சிறந்ததைத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். மாயம் ஒன்றும் இல்லை.

நம் பக்கம் அந்தத் தேர்ந்தெடுக்கும் வேலை எங்கே நடக்கிறது என்று யோசித்தால், வருஷத்துக்கு ஒரு தடவை கூடும் இந்தப் புழுதிக் காட்டில்தான் பெரும்பாலும் நடக்கிறது.

இது புரிய வேண்டுமானால் எங்கள் ஊருக்கு வாருங்கள். நாமக்கல் அருகே புதன்சந்தை. பெயர்தான் புதன், மாட்டுச்சந்தை கூடுவது செவ்வாய்க்கிழமை. கேரளாவிலிருந்தெல்லாம் வியாபாரிகள் வந்து இறங்கும் பெரிய சந்தை. கறவை மாடு அங்கே லிட்டர் கணக்கில் விலை போகும், வேலைக்கு ஆகாத மாடு அடிமாடாக எடைக்கணக்கில் போகும். அதைக் குறை சொல்லவில்லை, வறட்சியில் தீவனம் இல்லாத சம்சாரிக்கு அந்த வாரத்தை ஓட்ட அந்தப் பணம்தான் கைகொடுக்கிறது. மேச்சேரி ஆட்டுக்கும், சேலம் கறுப்பு வெள்ளாட்டுக்கும் இதே நிலைமைதான். இரண்டும் எங்கள் மண்ணின் இனங்கள். மேச்சேரி ஆட்டின் தோல் தரத்துக்குப் பேர் போனது. அதற்கென்று பொட்டனேரியில் 1978 முதல் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. ஆனால், சந்தையில் அதை நிறுத்தினால் கேட்கிற முதல் கேள்வி, "எத்தன கிலோ தேறும்?"

ஒரே காங்கேயம் கிடாரியைச் செவ்வாய்க்கிழமை புதன்சந்தையில் நிறுத்தினால் ஒரு விலை, சித்திரையில் கண்ணபுரத்தில் நிறுத்தினால் வேறு விலை. இங்கே அதன் தாய் யார், எந்தக் காளைக்குப் பிறந்தது, நடை எப்படி, திமில் எப்படி என்று கேட்கிற ஆட்கள் இருக்கிறார்கள். நல்ல காளைக்குப் பிறந்த கன்றுக்குக் கூடுதல் காசு கிடைக்கும் என்று தெரிந்தால்தான் ஒருவர் நல்ல பூச்சிக்காளையைத் தேடிப் போவார். பூச்சிக்காளை என்பது பொலிகாளை. இனவிருத்திக்கென்று காயடிக்காமல் வளர்ப்பது. கேட்கிற ஆள் இல்லாமல் போய்விட்டால் அந்தக் காளையும் செவ்வாய்க்கிழமை லாரியில் ஏற வேண்டியதுதான்.

2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தபோதும், 2017 ஜனவரியில் மெரினாவில் பிள்ளைகள் உட்கார்ந்தபோதும், நகரத்தில் பலர் காங்கேயம் என்ற பெயரையே அப்போதுதான் கேள்விப்பட்டார்கள். சட்டத்திருத்தம் வந்தது, 2023 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. காளைக்கு மவுசு திரும்பியிருக்கிறது. கோவை, பொள்ளாச்சிப் பக்கம் ரேக்ளாவுக்கும் வாங்குகிறார்கள். இதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. பந்தயத்துக்கும் களத்துக்கும் வேண்டியது காளை மட்டும்தான். பசுவையும் கிடாரியையும் யார் வளர்ப்பது? காளைக்கு மாலை போட்டுப் படம் எடுக்க நூறு பேர் நிற்கிறார்கள். கிடாரி வரிசையில் நாங்களும் இன்னும் நாலைந்து பேரும்தான் இருந்தோம்.

டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தபோது, தாராபுரத்துப் பெரியவர் கிடாரிக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்தார். அதுவரை சும்மா நின்ற அத்தைதான் முன்னால் போனார். துண்டு, தரகர் எதுவும் இல்லை. "ஏனுங்க மாமா, உதைக்குமுங்களா?" என்று கேட்டார்.

பெரியவர் சிரித்துவிட்டார். "பொம்பளைங்க கையில வளந்ததுங்க அம்மிணி. எங்க ஊட்ல அவதான் பார்த்துக்கறா. தொட்டுப் பாருங்க." அத்தை நெற்றியைத் தடவினார். கிடாரி மூக்கை நீட்டி அத்தையின் சேலை முந்தானையை மோந்து பார்த்தது. அது தின்றுவிடுமோ என்று என் மகன் பதறினான். "இவளோட அம்மா நாலு ஈத்து போட்டிருக்கா. பஞ்சத்துலயும் காட்டுலயே கிடந்து பொழைச்சவ. புண்ணாக்குகூட வெக்கலீங்க" என்றார் பெரியவர். அத்தை மாமாவைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்ததோ, மாமா மறுபடியும் கையைத் துண்டுக்குள் விட்டார். இந்த முறை ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

என்ன விலை என்று இன்று வரை எங்களுக்குத் தெரியாது. கேட்டால், "துண்டுக்குள்ள இருக்குது கண்ணு" என்பார்.

நீங்களும் ஒரு தடவை போய்ப் பார்க்கலாம். சித்திரையில் தேர் எந்தத் தேதி என்று விசாரித்துக்கொண்டு, அதற்கு முந்தைய நாள்களில் போங்கள். மாடு பார்க்க வேண்டுமானால் காலை ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். பத்து மணிக்கு மேல் மாடும் மனிதரும் நிழலில் ஒதுங்கிவிடுவார்கள். குழந்தைகளுக்குத் தொப்பி, தண்ணீர், காலை மூடும் செருப்பு. எந்த மாட்டுக்கும் பின்பக்கமாகப் போகாதீர்கள், பளிச்சென்ற ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள், தொடுவதற்கு முன்னால் கயிற்றைப் பிடித்திருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டால் யாரும் மறுப்பதில்லை. மாட்டின் வம்சத்தையே உட்காரவைத்துச் சொல்லி அனுப்புவார்கள். உங்களுக்கு நேரமிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு கிடாரியைச் சின்ன லாரியில் ஏற்றினோம். பெரியவர் பழைய கயிற்றை அவிழ்த்து வைத்துக்கொண்டு, புதுக்கயிற்றில் மாற்றி, கயிற்றை மாமாவின் கையில் கொடுத்தார். அப்புறம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. அடுத்த கட்டுத்தறியில் நின்றவரோடு சத்தமாக ஏதோ பேச ஆரம்பித்துவிட்டார். காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது இருட்டிவிட்டது. அத்தை மஞ்சள் தண்ணீர் கரைத்து வைக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டார்.

இப்போது அந்தக் கிடாரி தொழுவத்தில் மூன்றாவதாக நிற்கிறது. கலப்பின மாடுகள் இரண்டும் மதிய வெயிலில் வாயைத் திறந்து மூச்சு வாங்கும்போது, இது வேப்பமரத்தடியில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும் என்று அத்தைதான் போனில் சொன்னார். வீட்டுச் செலவு இன்னும் அந்த இரண்டின் பாலில்தான் ஓடுகிறது என்பதையும் மறக்காமல் சொன்னார்.

பருவத்துக்கு வந்துவிட்டது, காளைக்குச் சேர்க்க வேண்டும். காங்கேயம் உறைவிந்து ஊசி போடலாம் என்கிறார்கள். மாமாவுக்கு, காளையைக் கண்ணால் பார்த்துச் சேர்க்க வேண்டும் என்று பிடிவாதம். அப்புச்சி காலத்தில் ஊருக்கு ஒரு பூச்சிக்காளை இருந்தது. 2019-ல் வந்த தமிழ்நாடு மாட்டின இனப்பெருக்கச் சட்டம், பொலிகாளை வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும் என்று சொன்னபோது, நாட்டு மாடு வளர்ப்பவர்களிடம் அது பெரிய சலசலப்பை உண்டாக்கியது. எங்கள் ஊரில் சலசலப்பு எதுவும் இல்லை. பதிவு செய்வதற்கு அங்கே ஒரு காளைகூடக் கிடையாது.

மாமா ஊர் ஊராக விசாரித்துக்கொண்டிருக்கிறார். மோகனூர், வளையப்பட்டி, பரமத்தி வேலூர். எங்கேயும் கிடைக்கவில்லை என்றால், லாரியில் ஏற்றிக்கொண்டு மறுபடியும் காவிரியைத் தாண்டிப் போவது என்று முடிவு. வண்டி வாடகை யார் கொடுப்பது என்பதில்தான் அவருக்கும் அத்தைக்கும் இப்போது பேரம் நடக்கிறது.